பெயருக்கு ஒரு பெட்டி போதும்!

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஆன்லைனில் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதுதான்.

'பிறந்த தேதி' என்று ஒரு கட்டம். தொட்டால் குட்டியாக ஒரு காலண்டர் திறக்கிறது. அதில் இந்த மாதம் தெரிகிறது. அம்மா பிறந்ததோ 1956-ல். அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் ஒரு மாதம் பின்னால் போகிறது. 1956-க்குப் போய்ச் சேர எத்தனை முறை தட்ட வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்ணூறைத் தாண்டும்!

ஒருவழியாக அதைக் கடந்தால், 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. அப்பா பெயரைப் போடுவதா, இனிஷியலை மட்டும் போடுவதா, ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதா? வைத்த புள்ளி இன்னொரு ஆவணத்தில் இருக்கும் பெயரோடு பொருந்தவில்லை என்றால், பிறகு அலையப்போவது நாம்தான்.

"எனக்கு இதெல்லாம் வராதுப்பா, நீயே பண்ணிடு" என்று அம்மா போனை நம் கையில் கொடுத்துவிடுவார். தனக்குப் படிப்பு போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் கோளாறு அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

சரி, அந்தக் கட்டத்தை ஏன் அப்படிச் செய்தார்கள்? அதற்குப் பின்னால் பெரிய நிறுவனங்களின் கதை ஒன்று இருக்கிறது.

கீழ் மாடி ஒன்று, மேல் மாடி ஒன்று

அந்தக் கட்டத்தைச் செய்தவர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரம் அவருக்கு. கையில் கிடைத்த ரெடிமேட் காலண்டர் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டார். அதே கம்பெனியில் மேல் மாடியில் இருக்கும் டீம் வேறொரு காலண்டரை ஒட்டியது. பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்கள். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது.

ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் இது சகஜம். கடன் பகுதியில் பட்டன் நீலமாக இருக்கும், 'சமர்ப்பி' என்று சொல்லும். இன்ஷூரன்ஸ் பகுதியில் பச்சையாக இருக்கும், 'அனுப்பு' என்று சொல்லும். கார்டு பகுதியில் 'அடுத்து' என்று மட்டும் இருக்கும். வாடிக்கையாளருக்கு இது ஒரே கம்பெனி. ஆனால், ஒவ்வொரு பக்கத்திலும் அவர் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் 'டிசைன் சிஸ்டம்'.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு எந்தக் கிண்ணம், சீரகம் எந்தக் கிண்ணம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யார் அடுப்படிக்குள் வந்தாலும் தேடாமல் தாளித்துவிடலாம். ரசம் வைப்பதா, பொரியல் செய்வதா என்பது சமைப்பவர் இஷ்டம்.

டிசைன் சிஸ்டமும் அப்படித்தான். பட்டன், கட்டம், எழுத்துரு, நிறம், தப்பு நேர்ந்தால் காட்ட வேண்டிய செய்தி என எல்லாவற்றையும் ஒருமுறை நன்றாகச் செய்து, மக்களிடம் கொடுத்துச் சோதித்து, பொது இடத்தில் வைத்துவிடுவார்கள். எடுத்து ஒட்டிக்கொள்ள கோடிங் தயாராக இருக்கும். எதை எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது, ஏன் என்ற குறிப்பும் இருக்கும். கூகுள் 2014-ல் 'மெட்டீரியல் டிசைன்' என்று ஒன்றை வெளியிட்டது. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்துக்கு 'லைட்னிங்', ஐ.பி.எம்-முக்கு 'கார்பன்' என்று ஆளாளுக்கு ஒரு பெட்டி உண்டு.

பெட்டியைச் செய்வதுகூடப் பெரிய விஷயமில்லை. அதை எல்லோரும் திறந்து பயன்படுத்த வேண்டுமே, அங்கேதான் சிக்கல்! ஒரு வருடம் உழைத்து, கேக் வெட்டி வெளியிட்ட டிசைன் சிஸ்டம், ஆறு மாதத்தில் யாரும் எட்டிப் பார்க்காமல் தூசி படிந்து கிடப்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் சோகக் கதை.

இதைத் தாண்டி ஜெயித்தவர்கள் யார் என்று கேட்டால், துறையில் இருப்பவர்கள் பலரும் கைகாட்டுவது ஓர் அரசாங்கத்தை. பிரிட்டிஷ் அரசாங்கத்தை!

சாலைப் பலகையில் இருக்கிறது வேர்

2010 வாக்கில் பிரிட்டனிலும் நம் கதைதான். ஒவ்வொரு துறைக்கும் தனி வெப்சைட், தனித் தோற்றம். வரி கட்ட ஓரிடம், ஓட்டுநர் உரிமத்துக்கு வேறிடம். எது எந்தத் துறைக்குக் கீழ் வருகிறது என்று தெரிந்தால்தான் உள்ளேயே நுழைய முடியும்.

தொழிலதிபர் மார்த்தா லேன் ஃபாக்ஸ் அந்த ஆண்டு அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஒட்டுப்போடும் வேலை வேண்டாம், அடியோடு மாற்றுங்கள் என்பதுதான் அதன் சாரம். 2011-ல் 'கவர்மென்ட் டிஜிட்டல் சர்வீஸ்' என்ற அமைப்பு உருவானது. 2012 அக்டோபரில் 'கவ்.யூகே' என்ற ஒரே தளம் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அமைச்சகங்களோடு, 300-க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளும் அதற்குள் வந்து சேர்ந்தன.

தளத்தைப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, பச்சை பட்டன். படமில்லை, பகட்டில்லை. ஆனால், லண்டன் டிசைன் மியூசியம் 2013-ல் 'ஆண்டின் சிறந்த வடிவமைப்பு' விருதை இந்தத் தளத்துக்குத்தான் கொடுத்தது.

அந்தக் கறுப்பு எழுத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1950-களில் பிரிட்டனின் சாலைப் பலகைகள் ஊருக்கு ஒரு தினுசாக இருந்தன. கார்களின் வேகம் கூடியது. வேகமாகப் போகிறவர் பலகையைப் படித்து முடிப்பதற்குள் திருப்பம் போய்விடும். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஜாக் கின்னியர் என்ற வடிவமைப்பாளரும், அவருடைய மாணவி மார்கரெட் கால்வெர்ட்டும் சேர்ந்து எழுத்து, நிறம், அம்புக்குறி, சின்னம் எல்லாவற்றையும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்கள். 1958-ல் திறக்கப்பட்ட பிரஸ்டன் பைபாஸ் சாலையில் முதலில் வைத்துப் பார்த்தார்கள். 1965 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் அதுவே சட்டமானது. பள்ளிக்கூடம் அருகே வைக்கும் பலகையில் சின்னப் பையனைக் கைபிடித்து அழைத்துப்போகும் சிறுமியின் உருவத்தை, கால்வெர்ட் தன் சிறுவயதுத் தோற்றத்தை வைத்தே வரைந்தார்.

அந்தச் சாலை எழுத்தை, அதே கால்வெர்ட்டும் ஹென்ரிக் குபெல் என்பவரும் சேர்ந்து கணினிக் காலத்துக்கு ஏற்றபடி புதுப்பித்தார்கள். அதுதான் இன்று கவ்.யூகே தளத்தின் எழுத்து. சாலையில் வழி காட்டிய எழுத்தே இப்போது திரையிலும் வழி காட்டுகிறது.

உத்தரவு போட்டால் போதாதா?

அரசாங்கம்தானே, ஓர் உத்தரவு போட்டால் எல்லோரும் பயன்படுத்திவிட மாட்டார்களா?

ஒருவகையில் உத்தரவு இருந்தது. 2014 முதல், புதிதாக வரும் பெரிய ஆன்லைன் சேவைகள் ஒரு மதிப்பீட்டைத் தாண்டித்தான் மக்களிடம் வர முடியும். மற்ற அரசு சேவைகளோடு ஒத்துப்போகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. ஆனால், ஆபீஸில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும், உத்தரவுக்காகச் செய்யும் வேலை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று! பேருக்கு நான்கு பட்டன்களை ஒட்டிவிட்டு மீதியைத் தன் இஷ்டத்துக்குச் செய்துவிட முடியும்.

ஒதுங்கி நிற்பவர்களுக்கும் காரணம் இருக்கிறது. 'எங்கள் வேலை தனி, பொதுப் பெட்டி எங்களுக்கு ஒத்துவராது' என்பது ஒன்று. 'இருப்பதை மாற்ற நேரம் எங்கே?' என்பது இன்னொன்று. வெளியே சொல்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு: 'எல்லாவற்றையும் அவர்களே செய்துவிட்டால், எனக்கு இங்கே என்ன வேலை?'

இதற்கு அவர்கள் செய்தவை மிகச் சாதாரணமான காரியங்கள்.

முதலாவது, தேடும் வேலையைக் குறைத்தார்கள். ஆரம்பத்தில் வடிவமைப்புக் குறிப்பு ஓரிடம், கோடிங் வேறிடம் என்று சிதறித்தான் கிடந்தது. 2018 ஜூனில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, 'கவ்.யூகே டிசைன் சிஸ்டம்' என்று வெளியிட்டார்கள். புதிதாக ஒன்றைச் செய்வதைவிட, அங்கிருந்து எடுத்துக்கொள்வது சுலபம் என்ற நிலை வந்தது. அவசரத்தில் இருப்பவர் சுலபமான வழியைத்தானே தேர்ந்தெடுப்பார்?

இரண்டாவது, கதவைத் திறந்து வைத்தார்கள். எந்தத் துறையில் இருப்பவரும் புதிய பாகம் ஒன்றைக் கொண்டுவரலாம். அது பலருக்கும் பயன்படுமா, ஏற்கெனவே இருப்பதையே திரும்பச் செய்ததா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு, மக்களிடம் கொடுத்துச் சோதித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பரிசீலிக்கும் குழுவில் பல துறைகளின் ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். விவாதம் இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். தன் கைப்பட ஒரு கிண்ணம் அதில் இருந்தால், யாரும் அந்தப் பெட்டியை 'அவர்களுடையது' என்று சொல்ல மாட்டார்கள் இல்லையா?

மூன்றாவது, சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் வைத்தார்கள். இந்தப் பெட்டியைப் பராமரிப்பதே ஒரு டீமின் முழுநேர வேலை.

நான்காவது, அச்சில் வார்த்ததுபோல் எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. நீதித் துறையும் வரித் துறையும் தங்களுக்கு மட்டும் தேவையான பாகங்களைத் தனியாகச் செய்து, இதன் மேல் சேர்த்துக்கொண்டன. தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ், இதே கோடிங்கை அடித்தளமாக வைத்துத் தனக்கென ஒரு பெட்டியையே செய்துகொண்டது.

மவுஸ் சக்கரம் செய்த வேலை

எல்லோரும் ஒரே பெட்டியிலிருந்து எடுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கிண்ணத்தில் இருப்பது கெட்டுப்போயிருந்தால், ஊரெல்லாம் கெட்டுப்போகும்!

அப்படி ஒன்று நடக்கவும் செய்தது. தேதி போன்ற எண்களை எழுதும் கட்டங்களுக்கு, இணைய உலகம் 'எண் கட்டம்' என்று தயாராக வைத்திருந்ததையே அவர்களும் பயன்படுத்தினார்கள். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், அந்தக் கட்டத்துக்குள் கர்சர் இருக்கும்போது பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டினால், சில பிரவுசர்களில் உள்ளே இருக்கும் எண்ணே மாறிவிடும். 1956 என்று எழுதியவருக்கே தெரியாமல் அது 1957 ஆகிவிடலாம். கையால் தட்டச்சு செய்ய முடியாமல் குரலால் கணினியை இயக்குபவர்களுக்கும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவர்களுக்கும் இதில் வேறு சிக்கல்கள் இருந்தன.

2020-ல் அந்த டீம் இதை மாற்றியது. சாதாரண எழுத்துக் கட்டத்தையே வைத்து, போனில் எண் விசைப்பலகை மட்டும் தோன்றும்படி செய்தது. ஏன் மாற்றினோம் என்று எல்லோரும் படிக்கும்படி விளக்கமும் எழுதியது.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு துறையும் தனித்தனியாகக் கட்டம் செய்திருந்தால், இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எத்தனை காலம் ஆகியிருக்கும்? இப்போது ஓரிடத்தில் சரிசெய்தாகிவிட்டது. மற்றவர்கள் புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டால் போதும். இதற்கு முந்தைய ஆண்டும் இப்படித்தான். கர்சர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்வை மங்கியவர்களும் கண்டுகொள்ளும்படி, பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புமாக மாற்றினார்கள்.

திருமதியா, செல்வியா?

இப்போது நம் பெயர் விஷயத்துக்கு வருவோம்.

கவ்.யூகே டிசைன் சிஸ்டத்தில் பெயர் கேட்பதற்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. முடிந்தவரை 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி வையுங்கள் என்கிறது அது. உலகத்தில் எல்லோருடைய பெயரும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற அச்சுக்குள் அடங்காது என்பதுதான் காரணம். இனிஷியலோடு வாழும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை!

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. திருவா, திருமதியா, செல்வியா என்று கேட்பதைத் தவிருங்கள் என்கிறார்கள். நிரப்புபவருக்கு அது கூடுதல் வேலை. தான் ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனவரா இல்லையா என்பதை, தேவையே இல்லாத இடத்தில் சொல்ல வைப்பதும்கூட. கணவரை இழந்த ஒரு பெண்ணோ, விவாகரத்தான ஒரு பெண்ணோ அந்தக் கேள்வியின் முன் ஒரு நொடி தயங்கி நிற்பதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வரி கட்டுவதற்கு அந்தத் தயக்கம் எதற்கு?

பிறந்த தேதிக்குக் காலண்டரே கிடையாது. நாள், மாதம், வருடம் என்று மூன்று சின்னக் கட்டங்கள். மனசில் இருப்பதை அப்படியே எழுதிவிடலாம். தப்பாக எழுதினால், எதை எப்படித் திருத்த வேண்டும் என்று எளிய வார்த்தையில் சொல்ல வேண்டும். மிரட்டவும் கூடாது, 'அச்சச்சோ' என்று விளையாடவும் கூடாது.

ஒரு மாதம்தான் அவகாசம்

இதெல்லாம் அழகு பார்க்கும் வேலையா? 2020 மார்ச் மாதம் அதற்குப் பதில் சொன்னது.

கொரோனாவால் கடைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. வேலைக்குப் போக முடியாதவர்களின் சம்பளத்தில் 80 சதவிகிதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை அரசே தரும் என்று மார்ச் 20 அன்று பிரிட்டன் அறிவித்தது. முதலாளிகள் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான சேவை ஏப்ரல் 20 அன்று திறந்தது. சரியாக ஒரு மாதம்! அந்தத் திட்டம் முடிவதற்குள் 1 கோடியே 17 லட்சம் வேலைகளுக்கு அது கைகொடுத்திருந்தது.

பின்னணியில் இருந்த கணக்கு வழக்குகளே மலையளவு வேலை. பட்டன் என்ன நிறம், தேதியை எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து விவாதிக்க யாருக்கும் நேரமில்லை. அந்த விவாதங்களெல்லாம் பல வருடங்களுக்கு முன்பே முடிந்திருந்தன. விண்ணப்பித்தவர்களுக்கும் அது பார்த்துப் பழகிய அரசுத் திரைதான். பதற்றத்தில் இருக்கும்போது, தெரிந்த முகம் எவ்வளவு ஆறுதல்!

உங்கள் ஆபீஸிலும் செய்யலாம்

வீட்டுக்கு ஒருவராவது ஐ.டி-யில் இருக்கும் காலம் இது. உங்கள் கம்பெனியில் இப்படி ஒன்றை ஆரம்பிக்கிறார்கள் என்றால், இந்த நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள்.

* முதலில் சுவரில் ஒட்டுங்கள். இப்போது பயன்பாட்டில் இருக்கும் எல்லா பட்டன்களையும் படிவங்களையும் படம் பிடித்து, ஒரே சுவரில் ஒட்டுங்கள். பிராட் ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2013-ல் பிரபலமாக்கிய வழி இது. முப்பது விதமான பட்டனை ஒன்றாகப் பார்க்கும் மேலதிகாரிக்கு, வேறு விளக்கமே தேவைப்படாது.

* சின்னதாக ஆரம்பியுங்கள். அதிகம் வலிக்கும் இடம் எது என்று பாருங்கள். விருப்பத்தோடு வரும் ஒரு டீமோடு சேர்ந்து, அதன் உண்மையான வேலை ஒன்றிலேயே முயற்சி செய்யுங்கள். அவர்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போவதைப் பார்த்து, அடுத்த டீம் தானாக வந்து கேட்கும்.

* காரணத்தை எழுதி வையுங்கள். 'இப்படித்தான் செய்ய வேண்டும்' என்றால் எதிர்ப்பு வரும். 'இத்தனை பேரிடம் கொடுத்துப் பார்த்தோம், இங்கே தடுமாறினார்கள்' என்றால் யோசிப்பார்கள்.

* ஆள் போடுங்கள். ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட டிசைன் சிஸ்டம், தண்ணீர் ஊற்றாத செடிதான்.

'எல்லாம் ஒன்றாகிவிட்டால் என் திறமைக்கு இடமில்லையே' என்று கவலைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அஞ்சறைப் பெட்டி ஒழுங்காக இருக்கும் வீட்டில்தான் நிதானமாகப் புதுச் சமையல் முயன்று பார்க்க முடியும். பட்டன் செய்வதில் போன நேரம், அந்தப் பட்டனை அழுத்துபவரைப் பற்றி யோசிக்கக் கிடைக்கும்.

அடுத்த முறை அம்மா போனை நீட்டி "எனக்கு வராதுப்பா" என்றால், "உனக்கு வரும்மா. இவங்கதான் சரியா கேக்கல" என்று சொல்லிப் பாருங்கள். அப்படியே, நீங்களோ உங்கள் பிள்ளையோ நாளை ஒரு படிவம் செய்ய உட்கார்ந்தால், காலண்டரைத் தூக்கிவிட்டு மூன்று சின்னக் கட்டங்களை வையுங்கள். பெயருக்கு ஒரு பெட்டி போதும்.